மூன்றாவது ஓலை

பெல்ஃபோர்ட், இந்தியானா
19 ஜனவரி 2016

அன்புள்ள மெர்ல் அக்காவுக்கு,

லியோனா எழுதுவது. என் ரத்த அழுத்தம் டாக்டருக்குப் பிடித்த அளவில் இருக்கிறது, மற்றபடி சுகம். ஆற்றில் பனிக்கட்டி மிதக்கிறது. உன் முட்டி எப்படி இருக்கிறது? ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்களா, இன்னும் இழுத்தடிக்கிறார்களா?

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நமக்கு மூன்றே நிமிஷத்தில் சண்டை வந்துவிடுகிறது. கடிதமென்றால் சண்டை போய்ச் சேரவே நாலு நாள் ஆகும். முப்பத்தொரு வருஷம் தபாலாபீசில் முத்திரை குத்தியவள் சொல்கிறேன், உன்னையும் என்னையும் போன்றவர்களுக்குத் தபால்தான் நல்லது.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் அன்னிஸுக்குக் கல்யாணம். ஜூன் பதினொன்று, சனிக்கிழமை, எங்கள் புனித பர்னபா கோயிலில். கட்டிக்கொள்ளப் போகிறவள் இனெஸ் கராஸ்கோ. இத்தனை வருஷமும் 'அன்னிஸ் வீட்டில் கூட இருக்கிற நர்ஸ்' என்று உனக்கு எழுதிவந்தேனே, அவள்தான். அப்படி எழுதியது உன் மனசுக்காக. இனிமேல் எழுதப் போவதில்லை. ஒன்பது வருஷமாக ஒரே வீட்டில் வாழ்கிறார்கள், ஒரே பாத்திரத்தில் சமைக்கிறார்கள், ஒரே வரிசையில் முழங்காலிடுகிறார்கள். அதற்குப் பெயர் 'கூட இருப்பது' அல்ல.

எங்கள் கோயிலை உனக்குத் தெரியும். நீ வந்ததில்லை, திட்டியிருக்கிறாய். சிவப்புக் கதவு வைத்த எபிஸ்கோபல் கோயில். வாசலில் 'யாராயிருந்தாலும் உள்ளே வாருங்கள்' என்று பலகை. பலகைக்குத் தகுந்த ஆட்கள்தான் நாங்களும். குடியை விட்டவர்கள், நாளைக்கு விடப்போகிறவர்கள், கல்யாணம் முறிந்தவர்கள், முன்பு டேனியலாக இருந்து இப்போது டெலானியாக ஆர்கன் வாசிப்பவள், நாயைக் கூட்டிக்கொண்டு வரும் பழைய கணக்கு வாத்தியார். குருவானவரும் ஒரு பெண்தான். ப்ரூ கால்டர் என்று பெயர். என்னைவிட இருபது வயது சின்னவர், ஆனாலும் ப்ரூ அம்மா என்போம்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்கள் சிவப்புக் கதவில் யாரோ ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். 'இது கோயில் அல்ல' என்று. அதற்காக ப்ரூ அம்மா, கல்யாணத்தைச் சின்னதாக, சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளலாமா என்று அன்னிஸைக் கேட்டார். "கதவுல ஒட்டினவனுக்குப் பயந்து நான் ஜன்னல் வழியா போய் கல்யாணம் பண்ணிக்கணுமா?" என்றாள். ஸ்கூல் பஸ் எஞ்சினைக் கழற்றி மாட்டுகிறவள் பேச்சு வேறு எப்படி இருக்கும்? வாய் அப்படியே உன்னுடையது.

நீ வரவேண்டும். நீ அவள் முகத்தைப் பார்த்துப் பதினொரு வருஷம் ஆகிறது. அவள் கேட்கச் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
லியோனா

•

ஹார்வெல், டெக்சாஸ்
4 பிப்ரவரி 2016

அன்புள்ள லியோனாவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே நான் சுகம். நீ உப்பைக் குறை. டாக்டருக்குப் பிடித்தால் போதாது, ரத்தக் குழாய்க்கும் பிடிக்க வேண்டும்.

ஆபரேஷனை நானே இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப் போட்டுவிட்டேன். அந்தப் பையன் டாக்டருக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை. அவன் கையில் என் முட்டியைக் கொடுப்பதாக இல்லை.

காற்று நாலு நாளாக விடவில்லை. காற்றில் சாய்ந்தே நின்று பழகிய எங்கள் கோழிகள், காற்று நின்றால்தான் சரிந்து விழும் என்று என் ஹார்லன் உயிரோடு இருந்தபோது சொல்வார். கொல்லைக் கொட்டகையின் தகரம் ஒன்று பறந்து பக்கத்துப் பருத்திக் காட்டில் கிடந்தது. நானே போய் இழுத்து வந்தேன். ஆள் வைத்துக்கொள்ளச் சொல்லி எழுதாதே.

எங்கள் சபையில் ஈஸ்டர் பாட்டுக்கு ஒத்திகை ஆரம்பமாகிவிட்டது. இந்த வருஷமும் நான்தான் கீழ்க்குரல் வரிசைக்கு முன்னால் நிற்கிறேன்.

உன் கடிதத்தில் இருந்த மற்றதையும் படித்தேன்.

அங்கே ஆறு பெருகினால் பாதாள அறையில் தண்ணீர் ஏறுமே, சாமான்களை மேலே ஏற்றிவிடு.

மெர்ல்

•

பெல்ஃபோர்ட்
1 மார்ச் 2016

அன்புள்ள அக்காவுக்கு,

சாமான்களை ஏற்றிவிட்டேன். உப்பைக் குறைக்கவில்லை. நீ நலமாயிருக்கிறாய் என்று படித்தது சந்தோஷம். தகரத்தை இழுத்தாய் என்று படித்தது சந்தோஷமில்லை.

'மற்றதையும் படித்தேன்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். சரி, நான் மேலே எழுதுகிறேன், நீ மேலே படி.

இது தவக்காலம், பீடத்தில் பூ கிடையாது. ஆனால் துணி தேய்க்கிற வேலை நிற்காது. சனிக்கிழமை காலையில் நானும் ஓடிஸ் ஃபென்னும்தான் பீடத் துணிகளைத் தேய்ப்போம். ஓடிஸுக்கு எண்பத்திரண்டு வயது. கப்பற்படையில் சட்டை தேய்த்துப் பழகிய கை. திருவிருந்துக் கிண்ணம் துடைக்கும் துணியை ஒன்பது கட்டமாக மடிக்க வேண்டும். முதல் மடிப்பு நீளவாக்கிலா அகலவாக்கிலா என்று பதினேழு வருஷமாக எனக்கும் அவருக்கும் தகராறு.

போன சனிக்கிழமை அன்னிஸ் கல்யாணப் பேச்சு வந்தது. ஓடிஸ் அவருடைய வால்ட்டரைப் பற்றிச் சொன்னார். முப்பத்து மூன்று வருஷம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். ஊர் வால்ட்டரை 'ஓடிஸ் வீட்டுக் குடித்தனக்காரர்' என்றே சொல்லிவந்தது. தொண்ணூற்றொன்றில் வால்ட்டர் இறந்தபோது இதே கோயிலில், அப்போதிருந்த குருவானவர், துக்கப்படுகிறவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபம் செய்தாராம்.

"ஒன்னு விட்ட தம்பி பேர வாசிச்சாங்க. வால்ட்டரோட நாய ரெண்டு வாரம் வச்சிருந்தாளே பக்கத்து வீட்டுக்காரி, அவ பேரகூட வாசிச்சாங்க. என் பேரு இல்ல, லியோனா."

தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னார். துணியில் ஒரு சுருக்கமும் விழவில்லை. எனக்குத்தான் ரத்தம் தலைக்கேறிவிட்டது. நேரே ப்ரூ அம்மாவின் அறைக்குப் போய், அன்னிஸ் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க வேண்டும் என்றேன்.

உங்கள் சபையில் ஓலை கிடையாது, அதனால் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, இன்னாருடைய மகளுக்கும் இன்னாருடைய மகளுக்கும் கல்யாணம் என்று சபை நடுவே சத்தமாக வாசிப்பார்கள். தடை இருக்கிறவர்கள் எழுந்து நின்று சொல்லலாம் என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். எங்கள் ஜெப புத்தகத்தில் அது இன்னும் இருக்கிறது. நாற்பது வருஷமாக யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

"நெஜமாவே யாராவது எழுந்து நின்னுட்டா என்ன பண்றது லியோனா?" என்றார் ப்ரூ அம்மா.

"நிக்கட்டும். மூஞ்சியையாவது பாக்கலாம். கதவுல ஒட்டினவனுக்கு மூஞ்சியே இல்லையே."

பீடத்துணி அலமாரிக்கு அடியில் பழைய அச்சுப் படிவம் ஒன்று கிடைத்தது. நானே நிரப்பிக் கொடுத்துவிட்டேன். ஈஸ்டர் கழிந்து ஏப்ரல் பத்தாம் தேதி முதல் ஓலை.

உடம்பு எப்படி இருக்கிறது என்பதோடு மனசு எப்படி இருக்கிறது என்றும் ஒரு வரி எழுது.

லியோனா

•

ஹார்வெல்
12 மார்ச் 2016

அன்புள்ள லியோனா,

சுகம். நீயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

பீக்கன் கொட்டை இரண்டு பவுண்டு உடைத்து அனுப்பியிருக்கிறேன். குளிர்பெட்டியில் வை, இல்லாவிட்டால் சிக்கு வாடை வரும்.

ஜூன் மாதம் முழுக்க எனக்கு இங்கே வேலை இருக்கும்.

மெர்ல்

•

பெல்ஃபோர்ட்
11 ஏப்ரல் 2016

அன்புள்ள அக்காவுக்கு,

கொட்டை வந்தது. பாதியை அன்னிஸ் வீட்டுக்குக் கொடுத்தேன். யார் அனுப்பியது என்று அவள் கேட்கவில்லை. ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள், அப்படியே பையோடு எடுத்துக்கொண்டு போனாள். நீ சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். ஜூன் மாதம் முழுக்க அப்படி என்ன வேலை என்று நான் கேட்கப் போவதில்லை.

நேற்று முதல் ஓலை வாசித்தார்கள். கோயில் நிறைந்திருந்தது. தடை சொல்ல யாராவது எழுந்திருப்பார்களோ என்று பார்க்க வந்த கூட்டம் பாதி. வராத ஆளெல்லாம் வந்திருந்தார்கள், பாட்டுப் புத்தகம்கூடப் போதவில்லை.

ப்ரூ அம்மா நடுவில் வந்து நின்று வாசித்தார். "இந்தச் சபையைச் சேர்ந்த அன்னிஸ் ஸ்டோவால், காலஞ்சென்ற ஹார்லன் ஸ்டோவாலுக்கும் மெர்ல் ஸ்டோவாலுக்கும் மகள். இதே சபையைச் சேர்ந்த இனெஸ் கராஸ்கோ, ரமோன் கராஸ்கோவுக்கும் எல்வீரா கராஸ்கோவுக்கும் மகள். இவர்கள் இருவரும் திருமணத்தில் இணைய இருக்கிறார்கள். தடை அறிந்தவர்கள் சொல்லலாம். இது முதல் ஓலை."

தன் பெயரைக் கேட்டதும் எல்வீரா புதுப்பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். உன் பெயரைக் கேட்டபோது அன்னிஸ் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். படிவத்தில் பெற்றோர் கட்டத்தை நான் நிரப்பியது அவளுக்குத் தெரியாது.

ப்ரூ அம்மா காத்திருந்தார். ஒரு குழந்தை தும்மியது. ஓடிஸின் காதுக் கருவி விசிலடித்தது. அவருக்கு அது கேட்காது, மற்ற எல்லோருக்கும் கேட்டது. கதவுப் பக்கம் நின்ற அறிமுகமில்லாத ஒரு ஆள் தொண்டையைச் செருமினான். நூறு பேர் திரும்பிப் பார்த்ததில் பாவம், இருமலையே விழுங்கிவிட்டான். கடைசியில் ஓடிஸ்தான், "ஒன்னும் இல்ல போல, மேல படிங்கம்மா" என்றார். சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரம் வழக்கமாகப் பத்து நிமிஷம். நேற்று இருபது நிமிஷம் ஆயிற்று. பிறகு காப்பிக்கு இனெஸ் தமாலே கொண்டுவந்திருந்தாள், சோளமாவை மட்டையில் சுற்றி அவித்தது. நாலு தின்றேன். இதை என் டாக்டருக்கு எழுதிப் போடாதே.

இன்னும் இரண்டு ஓலை இருக்கிறது. பதில் எழுது.

லியோனா

•

பெல்ஃபோர்ட்
22 ஏப்ரல் 2016

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

இரண்டாவது ஓலை பதினேழாம் தேதி தொந்தரவில்லாமல் முடிந்தது. நேற்று வியாழக்கிழமை கோயிலுக்கு ஒரு கடிதம் வந்தது. ப்ரூ அம்மா என்னைக் கூப்பிட்டு மேஜைமேல் வைத்துக் காட்டினார். இரண்டே வரி.

'பெண்ணைப் பெற்றவள் இதற்குச் சம்மதிக்கவில்லை. சம்மதிக்காதவளின் பெயரை உங்கள் கோயிலில் வாசிக்க உங்களுக்கு உரிமை கிடையாது.'

கையெழுத்து இல்லை. அனுப்பியவர் முகவரி இல்லை. டெக்சாஸ், அமரில்லோ முத்திரை இருந்தது. முத்திரையைப் பார்க்காமல் என்னால் எந்த உறையையும் பார்க்க முடியாது, தொழில் பழக்கம்.

"இது யார் கைன்னு தெரியுதா லியோனா?"

தெரியாது என்றேன். அறுபத்தெட்டு வயதில், பீடத்துணி கையில் இருக்கும்போதே சொன்ன பொய். யாரைக் காப்பாற்றச் சொன்னேன் என்று நான் எழுதப் போவதில்லை.

சபைக் கமிட்டியில் சிலர் அதைக் குப்பையில் போடச் சொன்னார்கள். நானும்தான். ப்ரூ அம்மா மறுத்துவிட்டார். "பேரு இல்லாத கடிதம் தடை ஆகாது. சொல்றவங்க வந்து, எழுந்து நின்னு சொல்லணும், அதான் முறை. ஆனா அவங்க வந்து சேர நேரம் குடுக்காம மூணாவது ஓலைய வாசிக்க மாட்டேன். யாராயிருந்தாலும் வாங்கன்னு பலகை போட்டுட்டு, இவங்க மட்டும் வேணாம்னு சொல்ல முடியாது லியோனா."

மூன்றாவது ஓலை மூன்று வாரம் தள்ளிப் போய்விட்டது. மே பதினைந்து, பெந்தெகொஸ்தே ஞாயிறு, காலை பத்து மணி. எனக்கு ப்ரூ அம்மாமேல்கூடக் கோபம். பேரைப் போடத் துணிச்சல் இல்லாதவர்களுக்கு எதற்கு மூன்று வாரம்?

அந்தக் கடிதத்தை எழுதியவரை நீ எங்காவது பார்த்தால் சொல். நாங்கள் யாரும் ஒளிந்துகொண்டு கல்யாணம் செய்யவில்லை. தடை சொல்கிறவரும் ஒளிய வேண்டாம்.

லியோனா

•

ஹார்வெல்
29 ஏப்ரல் 2016

அன்புள்ள லியோனா,

நான் சுகம். இரண்டு கடிதமும் கிடைத்தன. இங்கே போன வாரம் ஆலங்கட்டி மழை. வண்டியின் முன்கண்ணாடி போய்விட்டது. தக்காளி நாற்று எல்லாம் தரையோடு படுத்துவிட்டது. திரும்ப நட்டிருக்கிறேன்.

பேரைப் போடத் துணிச்சல் இல்லாதவர்கள் என்று எழுதியிருந்தாய். கேட்காமல் அடுத்தவர் பேரைப் போடுகிறவர்களின் துணிச்சலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

ஒரு சந்தேகம். தடை சொல்கிறவர் உட்கார்ந்த இடத்திலேயே எழுந்து நின்றால் போதுமா, முன்னால் வந்து நிற்க வேண்டுமா? உங்கள் கோயிலில் படிகள் உண்டா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

மெர்ல்

•

பெல்ஃபோர்ட்
5 மே 2016

அன்புள்ள அக்காவுக்கு,

உட்கார்ந்த இடத்தில் நின்றால் போதும். வாசலில் நாலு படி, கைப்பிடி உண்டு. பக்கவாட்டில் சாய்வுப் பாதை இருக்கிறது, சக்கர நாற்காலிக்காரர்கள் வருகிற வழி. முட்டி வலிக்கிறவர்களும் அதில் வரலாம்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் கிழித்துப் போடத் தோன்றியது. மூன்றாம் தரம் நீ சொன்னது சரி என்று பட்டது. உன்னைக் கேட்காமல் உன் பெயரை எழுதிக் கொடுத்தது தப்பு. ஓடிஸின் பெயரை விட்டார்களே என்ற கோபத்தில் உன் பெயரைப் பிடித்து இழுத்துவிட்டேன். மன்னித்துவிடு. ஆனால் மன்னிப்புக் கேட்பதோடு இதையும் சொல்கிறேன்: உன் பெயரைச் சேற்றில் எழுதவில்லை. உன் மகளின் பெயருக்குப் பக்கத்தில் எழுதினேன்.

போன சனிக்கிழமை அன்னிஸ் தன் ஓலைப் படிவத்தைப் பார்க்க ப்ரூ அம்மாவின் அறைக்கு வந்தாள். அந்த இரண்டு வரிக் கடிதம் மேஜைமேல் கிடந்தது. எடுத்துப் படித்தாள். யார் எழுதியது என்று என்னைக் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷம் ஸ்கூல் நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவளின் எழுத்து அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

"சித்தி, எங்கம்மா பேர எடுத்துடு" என்றாள். நான் பேனாவைத் தேடுவதற்குள் அவளே சட்டைப் பையிலிருந்து எடுத்து அடித்துவிட்டாள். ஹார்லன் பெயரையும் சேர்த்து. "வேண்டாங்கறவங்கள கட்டி இழுத்துட்டு வர வேண்டாம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன்.

ஆக, நீ கவலைப்பட வேண்டாம். பதினைந்தாம் தேதி உன் பெயர் வாசிக்கப்படாது. உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கல்யாணம் மட்டும் நிற்காது.

உப்பைக் குறைத்திருக்கிறேன்.

லியோனா

•

பெல்ஃபோர்ட்
17 மே 2016

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? முட்டி வீங்கியிருக்குமே. ஒரு நாளுக்கு மேல் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, ஒரு மணி நேரம்கூட இருக்காமல் கிளம்பினவளை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை நீ.

பெந்தெகொஸ்தே அன்று நாங்கள் எல்லோரும் சிவப்பு உடுத்துவோம். ஓடிஸ் சிவப்புக் காலுறை, கணக்கு வாத்தியாரின் நாய்க்குச் சிவப்புக் கைக்குட்டை. எங்கள் கோயிலில் முன்வரிசையில் யாரும் உட்காரவே மாட்டார்கள். அந்த வெறும் வரிசையில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு மட்டும் உட்கார்ந்திருந்தது. புது ஆள் யாரோ என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்குப் பின்கழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கையில் இருந்த பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடினேன்.

நீ பேசியதை உனக்கே எழுதுகிறேன். பிறகு 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

ப்ரூ அம்மா வாசித்தார். "இந்தச் சபையைச் சேர்ந்த அன்னிஸ் ஸ்டோவால். இதே சபையைச் சேர்ந்த இனெஸ் கராஸ்கோ, ரமோனுக்கும் எல்வீராவுக்கும் மகள்." தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்றார். நீ வரிசைக்கு முன்னாலிருந்த கட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய்.

"பேர் போடாம கடுதாசி எழுதினவ நான்தான். மெர்ல் ஸ்டோவால். பேர் போடாதது தப்பு. எழுதினது தப்புன்னு சொல்ல வரல."

"வந்ததுக்கு நன்றிம்மா. உங்க தடைய சொல்லுங்க."

"முதல் ரெண்டு தடவை வாசிச்சப்ப அவளுக்கு அம்மா இருந்தா. இன்னைக்கு எங்க போனா?"

ப்ரூ அம்மா கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். "நீங்க சம்மதிக்கலன்னு எழுதியிருந்தீங்க. அதனால எடுத்துட்டோம்."

"சம்மதிக்கலதான். இப்பவும் சம்மதிக்கல. அதுக்காக நான் பெத்தது இல்லன்னு ஆயிடுமா? அதான் என் தடை. எழுதிக்கோங்க."

அவ்வளவுதான். கைப்பையை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டாய். ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. ஆகையால் உன் முதுகுக்குப் பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. சொல்கிறேன்.

அன்னிஸ் மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்து ஓடினாள். அவள் சாய்வுப் பாதையில் இறங்குவதற்குள் உன் டாக்சி மூலை திரும்பிவிட்டது. ஐந்து நிமிஷம் அங்கேயே நின்றிருக்கிறாள். அதுவரை சபையில் ஒருவரும் அசையவில்லை. டெலானி ஆர்கனில் கை வைக்கவில்லை. ஓடிஸ் மட்டும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் ரகசியம் பேசினார். "எத்தனையோ தடை கேட்டிருக்கேன் லியோனா. இப்படி ஒரு தடைய கேட்டதில்ல."

அன்னிஸ் திரும்பி வந்ததும் ப்ரூ அம்மா பேனா கேட்டார். பீடத்தின் ஓரத்திலேயே படிவத்தை வைத்து, அடித்திருந்ததற்கு மேலே திரும்ப எழுதினார். "தடை நியாயமானது. மூன்றாவது ஓலையை மறுபடி வாசிக்கிறேன்" என்று முதலிலிருந்து வாசித்தார். ஹார்லனுக்கும் மெர்லுக்கும் மகள் என்று. அதற்கு எதிராக ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. அன்னிஸ் கோபமாகத்தான் இருக்கிறாள். "பதினொரு வருஷம் கழிச்சு வர்றா. என் பேரு பக்கத்துல தன் பேருக்காகச் சண்டை போடறா. என்னத் திரும்பிப் பாக்க மாட்டேங்கறா. இது என்ன சித்தி கணக்கு?" என்று கேட்கிறாள். உன்னிடம் பதில் இருந்தால் எழுது.

ஜூன் பதினொன்றுக்கு வருகிறாயா இல்லையா?

லியோனா

•

ஹார்வெல்
25 மே 2016

அன்புள்ள லியோனா,

ஊர் வந்து சேர்ந்தேன். முட்டி பூசணிக்காய் மாதிரி ஆகி இப்போது வடிந்திருக்கிறது. உன் உடம்பு தேவலையா?

திரும்பிப் பார்க்கவில்லை என்று கோபப்படுகிறாளாம். திரும்பியிருந்தால் உட்கார்ந்திருப்பேன். உட்கார்ந்திருந்தால் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டதாக ஆகியிருக்கும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்ல எனக்கு வராது.

நான் போய்வந்தது இங்கே சபைக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூப்பர்கள் மூன்று பேர் என்னை நிறுத்தி வைத்துக் கேட்டார்கள், அந்த மாதிரிக் கோயிலுக்குள் போனது உண்மையா என்று. "ஆமா, போனேன். கேட்டுட்டீங்கள்ல, வழி விடுங்க" என்றேன். பாட்டு வரிசையில் இனி நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என் குரல் இல்லாமல் அவர்கள் கீழ்க்குரல் பாடுவதைக் கேட்கத்தான் போகிறேன்.

அன்றைக்கு நான் சீக்கிரமே வந்துவிட்டேன். உங்கள் ஜெப புத்தகத்தை எடுத்துக் கல்யாணப் பகுதியைப் படித்தேன். நடுவில் குருவானவர் சபையைப் பார்த்து, இந்த இருவரையும் உங்களால் ஆனமட்டும் தாங்குவீர்களா என்று கேட்பாராம். எல்லோரும் சேர்ந்து 'தாங்குவோம்' என்று சொல்ல வேண்டுமாம். நான் சொல்ல மாட்டேன். நம்பாததைச் சொல்ல என் நாக்குக்குப் பழக்கமில்லை. உன்னைப் போல எனக்குப் பொய்யும் வராது.

சொல்லாமல் அங்கே நிற்க முடியுமானால் வருகிறேன். யாராயிருந்தாலும் வாருங்கள் என்று பலகை வைத்திருக்கிறீர்களே, வாயைத் திறக்காதவளும் வரலாமா? இதை நீ முடிவு செய்யாதே. நீ முடிவு செய்து நான் பட்டது போதும். இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடு. பதிலை அவளே எழுதட்டும்.

மெர்ல்

•

பெல்ஃபோர்ட்
31 மே 2016

அம்மாவுக்கு,

அன்னிஸ் எழுதுவது. நான் சுகம். இனெஸ் சுகம். சித்தி உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும் வரை நகராமல் நின்றாள்.

அந்த முட்டியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறாதே. எட்டாம் தேதி வண்டி எடுத்துக்கொண்டு நானே அங்கே வருகிறேன். திரும்பி வரப் பதினைந்து மணி நேரம் ஆகும். சண்டை போட வேண்டியதை எல்லாம் வழியிலேயே போட்டுவிடலாம்.

குருவானவர் கேட்கும்போது நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். சொல்லும்படி யாரும் உன்னை இடிக்க மாட்டார்கள். ஆனால் எங்கேயாவது மூலையில் போய் நிற்காதே, எனக்குப் பக்கத்தில் நில். எல்லோரும் சொல்லும்போது நீ சொல்லாமல் இருப்பதைப் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொள்கிறேன். தூரத்திலிருந்து பதினொரு வருஷம் பார்த்தாயிற்று.

உன் மகள்,
அன்னிஸ்